ராடு அவன் கையில், படகு என் கையில்: நண்பனின் பெரிய பாறை மீனைக் கரைக்கடலில் ஏற்றிய அனுபவம்

பெரிய மீன் ஏறிய கதையைச் சொல்லும்போது எல்லோரும் ராடு பிடித்தவரைப் பற்றித்தான் பேசுவார்கள். பக்கத்தில் நின்றவர் என்ன செய்தார் என்பது பேச்சில் வராது. ஆனால் சின்னப் படகில், ஆழம் குறைந்த கரைக்கடலில், அடியில் பார், அதாவது பாறைத் திட்டு, கிடக்கும் இடத்தில் பெரிய மீன் தப்புவதற்கு அந்த இரண்டாவது ஆள்தான் பல நேரம் காரணமாக இருக்கிறார். ஒன்று, வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார். இல்லையென்றால் பதறிப்போய் ராடைப் பிடுங்குவார். இரண்டுமே மீனுக்குத்தான் சாதகம். நண்பன் முதன்முதலாக ஒரு பெரிய பாறை மீனோடு மல்லுக்கட்டியபோது நான் இரண்டாவது ஆளாக இருந்தேன். அன்று என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை எழுதி வைத்தால், நண்பரோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நண்பன் தூண்டிலுக்குப் புதியவன் இல்லை. சின்ன மீன்கள் நிறையப் பிடித்தவன். நன்றாக வீசுவான், முடிச்சும் சுத்தமாகப் போடுவான். ஆனால் ரீலிலிருந்து லைன் கத்திக்கொண்டு ஓடுவதை அதுவரை பார்த்ததில்லை. அன்று நாங்கள் குறி வைத்தது ஜெயன்ட் டிரெவலி என்ற பெரிய பாறை இனத்தை. தூண்டில்காரர்கள் ஜிடி என்பார்கள். செங்கடலிலிருந்து ஹவாய் வரை பரவிக் கிடக்கும் மீன். குஞ்சாக இருக்கும்போது கழிமுகங்களில் வளரும், பெரிதானதும் பார்களின் விளிம்பில் வேட்டையாடும். கடித்த நொடியில் அது செய்யும் முதல் காரியம், நேராகப் பாருக்குள் பாய்ந்து லைனை அறுப்பதுதான். அதனால் இந்த மீனோடு நடக்கும் சண்டையின் முடிவு பெரும்பாலும் முதல் அரை நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த அரை நிமிடத்துக்கான வேலை லூரை, அதாவது செயற்கை இரையை, வீசுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நாங்கள் முதலில் பார்த்தது டிராக். மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கத்தில் வழுக்கி வெளியே போக வேண்டும் என்பதை வைக்கும் ரீலின் பிரேக் அது. கையால் இழுத்துப் பார்த்து "போதும்" என்று சொல்லிவிடுவது பலருக்கும் பழக்கம். கை பொய் சொல்லும். லைன் நுனியில் ஒரு தொங்கு தராசை மாட்டி இழுத்து, லைன் எந்த எடையில் வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும். லைனின் அறுபடும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நண்பனின் ரீலில் இருந்தது 50 பவுண்டு பிரைடு என்ற பின்னல் லைன், அதாவது கிட்டத்தட்ட 23 கிலோ. அதற்குச் சுமார் 6 கிலோ வைத்தோம். கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ராடு வளைந்து நிற்கும்போது 6 கிலோ இடுப்பையும் முதுகையும் என்ன பாடு படுத்தும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். முன்னால், லூருக்கும் லைனுக்கும் நடுவில் வரும் தடித்த நரம்பாக, 80 பவுண்டு லீடர், அதை எஃப்ஜி முடிச்சால் பிரைடோடு இணைத்திருந்தான். முடிச்சை நான் வாங்கி, துணியைச் சுற்றிப் பிடித்து, மெதுவாக முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். நண்பன் போட்ட முடிச்சைச் சோதிப்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. என் முடிச்சை அவனும் சோதித்தான்.

டிராக் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதில்லை. லைன் வெளியே போகப் போக லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலில் மிச்சமிருக்கும் சுற்றின் விட்டம் குறையும். டிராக் குமிழை யாரும் தொடாவிட்டாலும், விட்டம் குறைந்த அளவுக்கு லைனில் இழுவை கூடும். 60 மில்லிமீட்டர் விட்டமாக இருந்தது 40 ஆகும்போது, 6 கிலோவுக்கு வைத்த டிராக் 9 கிலோவாகிவிடும். போதாததற்கு, தண்ணீரில் கிடக்கும் நீளமான லைனையும் மீன் சேர்த்து இழுக்கிறது. மீன் திசை மாறும்போது லைன் வில்லாக வளைந்து கிடக்கும், அந்த வளைவைத் தண்ணீருக்குள் இழுக்கவே தனி பலம் வேண்டும். அதனால் மீன் வெகுதூரம் ஓடியிருக்கும்போது டிராக்கை இறுக்குவது பெரிய ஆபத்து. "ரொம்ப ஓடுதே, இறுக்கவா?" என்ற கேள்வி அந்த நேரத்தில் கட்டாயம் வரும். என்ன பதில் சொல்வது என்று இரண்டு பேரும் கரையிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

படகில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதையும் பேசினோம். கட்டிங் பிளையர் என் இடுப்பில். கையுறை இன்ஜின் பக்கத்தில், கை எட்டும் இடத்தில். தரையில் பெட்டி, வாளி, கயிறு எதுவும் கிடக்கக் கூடாது. லூரில் மும்முனைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, நுனிக்குப் பக்கத்திலிருக்கும் எதிர் முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கிகள் போட்டிருந்தோம். இது மீனுக்காக மட்டும் செய்ததில்லை, என் கைக்காகவும்தான். லீடரை நான் பிடிக்கும்போது ஒரு கொக்கி மீன் வாயில் இருக்கும், இன்னொன்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

மீனை வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தோம். மீன் படகோரம் வந்தபிறகு இதைப் பற்றி வாதம் செய்தால் மீன்தான் சாகும். எங்கள் முடிவு, விடுவது. பெரிய பெண் மீன் சின்னதைவிடப் பல மடங்கு முட்டையிடும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பார்களில் வாழும் பெரிய வேட்டை மீன்களின் உடலில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேர்ந்திருக்கக் கூடும். பாசியில் உருவாகும் அந்த நஞ்சு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. பெரிய ஜிடியைத் தின்ன வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

பாரின் விளிம்புக்கு மேல்நீரோட்டத்தில் படகை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு நியூட்ரலில் வைத்துக்கொண்டு வீசினோம். நங்கூரம் போடவில்லை. நங்கூரம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவையைக் கட்டிவிடுங்கள். மீன் மாட்டியதும் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மீன் பின்னால் போகலாம், மிதவையைப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது நங்கூரம் இழுக்க நேரம் இருக்காது.

நீர்மட்டத்தில் தெறித்துக்கொண்டு வரும் பாப்பர் லூரைத்தான் நண்பன் வீசியிருந்தான். அதற்குப் பின்னால் தண்ணீர் வெடித்தது. அவன் சட்டென்று நின்றுவிட்டான். "இழு, இழு, நிறுத்தாத!" என்றேன். மறு இழுப்பில் ராடு வளைந்தது, ரீல் அலறியது. நான் அவனைப் பார்க்கவில்லை. என் லூரைச் சுற்றி ஏற்றி ராடை ஹோல்டரில் போட்டேன், படகைக் கியரில் போட்டேன். மீன் மாட்டியதும் மற்ற எல்லா லைனும் வெளியே வந்துவிட வேண்டும். "என்னோடதுலயும் மாட்டும், கொஞ்சம் இருக்கட்டும்" என்ற ஆசை இரண்டு லைனையும் சிக்கலாக்கி இரண்டு மீனையும் போக்கிவிடும்.

படகை மீனை நோக்கி ஓட்ட வேண்டும் என்றுதான் கை துடிக்கும். வெளிக்கடலில் அது சரி. பாரின் விளிம்பில் நிற்கும்போது முதல் வேலை நேர்மாறானது. படகின் மூக்கை ஆழத்தின் பக்கம் திருப்பி, மெதுவாக, நிற்காமல் பாரைவிட்டு விலக வேண்டும். ராடு பிடித்திருப்பவரின் முதுகுக்கு இருக்கும் பலம் கொஞ்சம்தான், இன்ஜினுக்கு அந்தக் கவலை இல்லை. டிராக் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் மீனின் தலை நாம் போகும் பக்கமாகத் திரும்பும். தலை திரும்பிவிட்டால் வாலின் வேகமும் அந்தப் பக்கமே வரும். அன்று அப்படித்தான் நடந்தது. லைன் பாருக்கு மேலாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது, பிறகு ஒரு கணம் நின்றது, பிறகு மெல்ல ஆழத்தின் பக்கம் கோணம் மாறியது. "திரும்பிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். அவனுக்கு அந்த நேரத்தில் அது ஒன்று தெரிந்தால் போதும்.

வேகத்தை ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதர் ராடோடு நிற்கிறார், படகு குலுங்கினால் அவர் விழுவார். நண்பன் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நின்றதால், கியர் போடும் ஒவ்வொரு முறையும் "போடுறேன்" என்று குரல் கொடுத்தேன். இரண்டு பேருமே லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். பெரிய மீனோடு நிற்பவரின் முழு எடையும் படகின் விளிம்புக்கு வெளியே சாய்ந்திருக்கும். லைன் திடீரென அறுந்தால் பின்னால் விழுவார், மீன் திடீரென இழுத்தால் முன்னால் போவார். சண்டை நடக்கும்போது ஜாக்கெட் மாட்டிக்கொள்ள யாருக்கும் கை ஒழியாது.

ஆழத்துக்கு வந்ததும் படகின் வேலை மாறியது. இப்போது மீன் அணியத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட 45 பாகைக் கோணத்தில் இருக்குமாறு படகைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தேன். நேர் முன்னால் இருந்தால் மீன் சட்டென்று படகுக்கு அடியில் புகுந்துவிடலாம். பின்னால் போனால் புரொப்பெல்லர் இருக்கிறது. பக்கவாட்டில் இருந்தால் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் எனக்கு ஒரு நொடி கிடைக்கும். என் கண் மீன் இருக்கும் இடத்தில் இல்லை, லைன் தண்ணீரில் நுழையும் புள்ளியில் இருந்தது. மீன் என்ன செய்யப் போகிறது என்பதை அந்தப் புள்ளி முன்னதாகவே காட்டிவிடும். கோணம் சாய்ந்துகொண்டே வந்தால் மீன் மேலே வருகிறது. செங்குத்தாக இறங்கினால் அடியில் இறங்குகிறது. புள்ளி படகை நோக்கி வந்தால் உடனே விலக வேண்டும்.

ஒருமுறை அது படகுக்கு அடியில் போகவே செய்தது. பிரைடு லைன் படகின் அடிப்பக்கத்தில் உரசினால் அதோடு முடிந்தது. அந்த நேரத்தில் ராடைத் தூக்கக் கூடாது. நுனியைத் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கி, லைன் படகைத் தொடாதபடி வைத்துக்கொண்டு, அணியத்தைச் சுற்றி மறுபக்கம் நடக்க வேண்டும். "நுனியைத் தண்ணிக்குள்ள விடு, அப்படியே சுத்தி வா" என்றேன். இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, அவன் கடந்து போக நான் குனிந்து வழிவிட்டேன். அவன் மறுபக்கம் வந்து ராடை எடுத்தபோது லைன் சுத்தமாக இருந்தது.

அதன்பிறகு வந்தது நீண்ட நடுப்பகுதி. முதல் ஓட்டத்தின் பரபரப்பு அடங்கிய பிறகு மீன் அடியில் நின்று வட்டம் போடத் தொடங்கும். ஆள் சோர்ந்துபோவது இங்கேதான். "கை விட்டுப்போச்சுடா, நீ கொஞ்ச நேரம் பிடி" என்றான் நண்பன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. நான் வாங்கவில்லை. "ராடு உன்னோடது. அடியைத் தொடைக்கு மேல ஊணு, இடது கையைத் தளர்த்து, மூச்சு விடு" என்றேன். மீன்பிடி பெல்ட்டை எடுத்துப் பின்னாலிருந்து அவன் இடுப்பில் கட்டினேன். ராடையும் ரீலையும் தொடவே இல்லை.

இதற்கு ஒரு முறைப்படியான காரணமும் உண்டு. 1939-இல் தொடங்கிய ஐஜிஎஃப்ஏ என்ற சர்வதேச அமைப்பின் சாதனை விதிகளின்படி, மீன் கடித்ததிலிருந்து ஏற்றும் வரை வேறொருவர் ராடையோ ரீலையோ லைனையோ தொட்டால் அந்த மீன் சாதனைக் கணக்கில் சேராது. முடிவில் லீடரை மட்டும் உதவியாளர் பிடிக்கலாம். நாங்கள் சாதனைக்குப் போகவில்லை. ஆனால் அந்த விதிக்குள் இருக்கும் நியாயம் எனக்குப் பிடிக்கும். ராடு கைமாறும் நொடியில் லைன் தளரும். தளர்ந்த லைனில், முள் நசுக்கிய கொக்கி கழன்றுவிடும். அதற்கும் மேலாக, பாதியில் வாங்கிப் பிடித்த மீன் நண்பனுடைய மீனாக இருக்காது. அவன் வாழ்நாள் முழுக்க "நாங்க ரெண்டு பேரும் பிடிச்சோம்" என்றுதான் சொல்லுவான். அவனிடமிருந்து அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஆளுக்கு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் கதை வேறு. அப்போது லைனையே அறுத்துவிடலாம்.

அந்த நடுப்பகுதியில் நான் அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது மூன்று விஷயம்தான். ராடை வானத்தைப் பார்த்துத் தூக்காதே என்பது முதலாவது. ராடு செங்குத்தானால் வளைவு முழுக்க மெல்லிய நுனிக்குப் போய்விடும். கார்பன் ராடுகள் அப்படித்தான் முறிகின்றன. முறியாவிட்டாலும், உயர்ந்த ராடு மீனுக்கு நீளமான நெம்புகோல், ஆளின் முதுகுக்குத்தான் வலி. தாழ்வாகப் பிடித்தால் ராடின் தடித்த அடிப்பகுதி வேலை செய்யும், அதே உழைப்பில் மீன் மீது விழும் பலம் கூடும்.

இரண்டாவது, டிராக் வழுக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதே. ஸ்பின்னிங் ரீலில் இது வெறும் வீண் உழைப்போடு நிற்காது. கியர் விகிதம் 5-க்கு 1 என்றால், டிராக் வழுக்கும்போது கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் லைனில் 5 முறுக்கு ஏறும். பயத்தில் ஆட்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள், மறுநாள் அந்த லைன் வீசும்போதெல்லாம் சிக்கும். மீன் இழுத்தால் ராடைப் பிடித்துக்கொண்டு நில். நின்றால் மெதுவாக ராடைத் தூக்கு, இறக்கும்போது மட்டும் சுற்று. தூக்குவது சின்னச் சின்னதாக இருக்கட்டும். பெரிதாகத் தூக்கிச் சட்டென்று இறக்கினால் லைன் தளரும்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கிட்டத்தட்ட சண்டையை வென்று கொடுத்ததே இதுதான். அடியில் வட்டம் போடும் மீன், ஒரு பாதி வட்டத்தில் நம்மைவிட்டு விலகும், மறு பாதியில் நம்மை நோக்கி வரும். விலகும் பாதியில் என்ன இழுத்தாலும் வராது, விட்டுக்கொடுக்காமல் பிடித்தால் போதும். நம்மை நோக்கி வரும் பாதியில் வேகமாக நாலு சுற்று லைன் வாங்கலாம். ராடு பிடித்திருப்பவருக்கு வலியில் இந்த வட்டம் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு லைனின் போக்கைப் பார்த்தால் தெரியும். "போகுது, பிடி... பிடி... வருது, சுத்து, சுத்து!" இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். முதல் சில வட்டங்களில் அவன் தடுமாறினான், பிறகு இரண்டு பேரும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டோம். ஒவ்வொரு வட்டத்திலும் ஓரிரு மீட்டர் கிடைத்தது.

ஒரு கட்டத்தில் மீன் நேர் கீழே நின்றுகொண்டு அசையவில்லை. செங்குத்தாக இழுத்து மீனைக் கிளப்புவது முரட்டு வேலை. அப்போது படகை முப்பது மீட்டர் போல மெதுவாக விலக்கினேன், லைனை அவன் விட்டுக்கொடுத்தான். பக்கவாட்டுக் கோணம் கிடைத்ததும் ராடைத் தண்ணீருக்குக் கிட்டத்தில் படுக்கவைத்து ஒருபுறமாக இழுத்தான். தலை திரும்பியது, மீன் நகரத் தொடங்கியது. நகரும் மீன் மேலே வரும்.

பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட இருப்பவர் பதறினால் அந்தப் பதற்றம் அப்படியே ராடுக்குப் போகும். "ஐயோ போச்சு", "விட்டுடாத", "எவ்வளவு பெருசு பாரு" என்ற எதுவும் அவனுக்குப் பயன்படாது. எதைச் செய்யக் கூடாது என்பதைவிட எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வது நல்லது. மூச்சு வாங்கும்போது மனிதருக்கு இரண்டு சொல்லுக்கு மேல் காதில் ஏறாது. படகில் மூன்றாவது ஆள் இருந்தால், ஒருவர் மட்டும்தான் வழி சொல்ல வேண்டும். மற்றவர் வாயை மூடிக்கொண்டு தரையைச் சுத்தமாக வைத்திருக்கட்டும்.

போலரைஸ்டு கண்ணாடி போட்டிருந்ததால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பச்சைத் தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு பளபளப்பு, அகலமாக. "தெரியுது" என்றேன். அவன் எட்டிப் பார்க்கப் போனான். "பார்க்காத, ராடை அப்படியே வை. படகைப் பார்த்ததும் மறுபடி ஓடும்." ஓடியது. கிட்டத்து ஓட்டம் ஆபத்தானது. லைன் குறைவாக இருக்கிறது, பிரைடு கிட்டத்தட்ட நீளவே நீளாது, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ராடும் டிராக்கும் மட்டும்தான் இருக்கின்றன. சாதாரண நைலான் நரம்பு நீண்டு கொடுக்கும், பிரைடுக்கு அந்தக் குணம் இல்லை. டிராக்கை இறுக்கி "முடிச்சுடலாம்" என்று நினைக்கும் நேரமும் இதுதான். கொக்கி நிமிர்வதும் முடிச்சு அறுவதும் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான். நண்பன் குமிழைத் தொடவில்லை. ஓடவிட்டான், திரும்பக் கொண்டுவந்தான்.

லீடர் முடிச்சு ராடின் நுனி வளையத்துக்கு வந்ததும் இன்ஜின் நியூட்ரல். கையுறை போட்டுக்கொண்டேன். லீடரைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சுற்றிய கையோடு மீன் பாய்ந்தால் விரல் போகும், ஆளும் கடலுக்குள் போகலாம். உள்ளங்கையில் இறுகப் பிடித்து, இழுத்தால் விட்டுவிடும்படி வைத்திருக்க வேண்டும். இழுத்த லீடர் காலுக்கு அடியில் குவியாமல் படகுக்கு வெளியே விழட்டும். அதுவரை ராடு பிடித்திருப்பவர் ஓரடி பின்வாங்கி, மீன் மறுபடி ஓடினால் சமாளிக்கத் தயாராக நிற்க வேண்டும். லீடர் என் கைக்கு வந்துவிட்டது என்பதற்காக அவன் வேலை முடிந்துவிடாது.

வலை இருந்தால் அதை மீன் பின்னால் துரத்திக் குத்தாதீர்கள். தண்ணீருக்குள் அசையாமல் இறக்கி வையுங்கள், ராடு பிடித்திருப்பவர் மீனின் தலையை அதற்குள் கொண்டுவரட்டும். இந்த மாதிரி மீன்கள் பின்னோக்கிப் பாயாது, தலை உள்ளே போனால் முன்னால்தான் பாயும். வால் பக்கமாக வலை போட்டால் ஒரே பாய்ச்சலில் போய்விடும். பாறை இனத்துக்கு எனக்கு வலையைவிடக் கை பிடிக்கும். வாலுக்கு முந்தைய ஒடுங்கிய பகுதி பிடிப்பதற்கு வாகாக இருக்கும். ஆனால் அதன் இரு பக்கமும் வரிசையாகக் கூர்மையான செதில் தகடுகள் உண்டு, வெறுங்கையால் பிடித்தால் கிழித்துவிடும். அன்று இடது கையில் லீடர், வலது கையால் வால். பிடித்ததும் "வந்துட்டான்" என்றேன். நண்பன் சத்தம் போட்டதை எழுத்தில் கொண்டுவர முடியாது. மீனும் உறுமியது. பாறை மீன்கள் தண்ணீரைவிட்டு வெளியே வந்தால் அப்படித்தான் தொண்டைக்குள் உறுமும்.

ஈரத் துண்டை முன்பே விரித்து வைத்திருந்தோம். அதன்மேல் கிடத்தி, துண்டின் ஓரத்தால் கண்ணை மூடியதும் அடங்கியது. கொக்கியை எடுத்தோம். முள் இல்லாததால் ஒரு திருகலில் வந்துவிட்டது. மூக்கிலிருந்து வால் கவட்டை வரை 94 சென்டிமீட்டர், தடித்த இடத்தில் சுற்றளவு 70. தராசில் தொங்கவிடத் தேவையில்லை. சுற்றளவைச் சுற்றளவாலும், பிறகு நீளத்தாலும் பெருக்கி, சென்டிமீட்டரில் அளந்திருந்தால் 29,000-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் ஏறத்தாழ எடை வரும். 16 கிலோவுக்கு ஒட்டி வந்தது. பெரிய மீனை வாயில் கொக்கி போட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் உள்ளுறுப்புகளின் பாரம் முழுக்கத் தொண்டைப் பக்கத்திலும் முதுகெலும்பிலும் விழும், தண்ணீரில் அந்தப் பாரம் அதற்குப் பழக்கமே இல்லை. நண்பன் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கை வயிற்றுக்கு அடியிலும் ஒரு கை வாலிலுமாகக் கிடைமட்டமாகத் தூக்கினான். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான், அந்த மூச்சுக்குள் படம் எடுத்து முடித்தேன். கேமரா முன்பே தயாராக இல்லாவிட்டால் படத்தை மறந்துவிடுவதுதான் மீனுக்குச் செய்யும் நியாயம்.

நீண்ட சண்டையில் மீனின் வெள்ளைத் தசையில் லாக்டிக் அமிலம் நிறைந்திருக்கும், உடனே நீந்தத் தெம்பு இருக்காது. நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து, வாலையும் வயிற்றையும் தாங்கிப் பிடித்தோம். முன்னும் பின்னும் தள்ளி இழுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னால் இழுக்கும்போது செவுளுக்குள் தண்ணீர் தப்பான வழியில் போகிறது, அதனால் பயன் இல்லை. நீரோட்டம் இல்லையென்றால் படகை மிக மெதுவாக முன்னே நகர்த்தலாம், இன்ஜினுக்குத் தள்ளி அணியத்துப் பக்கம் மீனைப் பிடித்துக்கொண்டு. அன்று அது தேவைப்படவில்லை. வால் ஒருமுறை அசைந்தது, நண்பன் விடவில்லை. இரண்டாவது முறை கையை உதறிக்கொண்டு போனது. சுற்றுப்புறத்தில் சுறா தெரிந்தால் இவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது. களைத்த மீனைச் சுறாவிடம் கொடுப்பதுபோல் ஆகிவிடும், வேறு இடத்துக்கு நகர்ந்துதான் விட வேண்டும்.

இதெல்லாம் பாறை மீனுக்குச் சொன்னது. மீன் மாறினால் உதவியாளரின் வேலையும் மாறும். வஞ்சிரம் மாட்டினால் பாருக்குள் போகும் பயம் குறைவு. ஆனால் பல் கத்தி போன்றது, அதனால் லீடரில் கம்பித் துண்டு இல்லாமல் இறங்காதீர்கள். வாய்ச்சதை மென்மை என்பதால் டிராக்கையும் தளர்வாக வைக்க வேண்டும். முதல் ஓட்டம் அம்பு மாதிரி நீளமாக இருக்கும், அப்போது படகை அதன் பின்னால் ஓட்டலாம். கொடுவா துள்ளித் தலையை உதறும். துள்ளும் நொடியில் ராடைத் தாழ்த்தும்படி குரல் கொடுங்கள். அதன் செவுள் மூடி கூர்மையானது, அங்கே விரலை வைக்காதீர்கள். கடல்விரால் சாதுவாகப் படகோரம் வந்து நிற்கும், அதை நம்பி அவசரமாக ஏற்றினால் படகுக்குள் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கும். அதை நன்றாகக் களைக்கவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

மீனை விட்டபிறகு நண்பன் உடனே மறுபடி வீசப் பார்த்தான். கையை நீட்டி லூரை வாங்கினேன். லீடரை விரல்களுக்கு இடையில் ஓடவிட்டுப் பார்த்ததில் ஓரிடத்தில் சொரசொரப்பு, பாரில் எங்கோ உரசியிருக்கிறது. அங்கே வெட்டிப் புதிதாகக் கட்டினான். முன் கொக்கி லேசாகத் திறந்திருந்தது, மாற்றினோம். பிரைடின் கடைசி இருபது மீட்டரையும் இப்படியே விரலால் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விரலுக்குத் தெரியும். டிராக்கை மறுபடி தராசில் மாட்டி அளந்தோம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வாஷர் சூடேறி அளவு மாறியிருக்கலாம். கரைக்கு வந்ததும் குமிழை முழுவதும் தளர்த்தி வைத்தான். இறுக்கியே வைத்தால் வாஷர்கள் அமுங்கிப்போய், அடுத்த முறை டிராக் விட்டு விட்டு வழுக்கும்.

அடுத்த வீச்சுக்கு முன் அவன் தன் ராடை ஹோல்டரில் போட்டுவிட்டு ஸ்டீயரிங் பக்கம் வந்தான். "நீ வீசு. நான் ஓட்டுறேன்" என்றான். பாரைவிட்டு எந்தப் பக்கம் விலகப் போகிறான் என்று கேட்டேன். கையை நீட்டி ஆழத்தைக் காட்டினான். என் டிராக்கையும் தராசில் ஒருமுறை பார்க்கச் சொன்னான்.